உலகச் சந்தையும் வன்னிப் பெருநிலப்பரப்பும்

உலகமயமாதல், உலகமயமாக்கல் என்னும் இரு சொற்கள் நம்மிடையே வழங்கி வருகின்றன. எழுதுவோர் பலர் இவ்விரண்டையும் ஒரே பொருளிலேயே கையாளுகின்றனர். ஆயினும் ஆதல் என்பது தானாக நிகழ்வது. ஆக்கல் என்பது ஒருவர் செய்ய மற்றொருவருக்கு நேர்வது. உலகம் சுருங்கி ஒரே சந்தையாக மாறி வருகிறது என்று கூறும்போது, அது பருவமழையைப் போல் தானாக வருகின்றதா அல்லது யாரோ சிலரின் தீர்மானத்தால் வருகின்றதா என்ற வினா எழவே செய்கின்றது. இந்த வினாவுக்கு விடை தேடுவதற்கு ஜெனீவாவுக்கோ வாஷிங்டனுக்கோ செல்ல வேண்டியதில்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்று மாவட்டங்களின் வரலாற்றைப் புரட்டினாலே போதுமானது.

ஏனெனில், வன்னி மக்கள் கடந்த ஐம்பது ஆண்டுகளுக்குள் மூடிய பொருளாதாரத்திலும் வாழ்ந்திருக்கின்றனர். திறந்த பொருளாதாரத்திலும் வாழ்ந்திருக்கின்றனர். தீப்பெட்டியும் யூரியாவும் வருவதற்கே தடையிருந்த காலத்தையும் கடந்திருக்கின்றனர். பின்னர் ஒரே ஆண்டில் வங்கிகளும் லீசிங் கம்பனிகளும் வரிசையாக வந்து நின்ற காலத்தையும் கண்டிருக்கின்றனர். உலகச் சந்தையோடு ஒரு சமூகம் கொள்ளக்கூடிய உறவுகள் அனைத்தையும் ஒரே தலைமுறை அனுபவித்த நிலப்பரப்புகள் உலகில் அதிகம் இருக்க முடியாது.

உலக வாணிபம் வன்னிக்குப் புதியதன்று. இன்றைய மாவட்ட எல்லைகளின்படி மாந்தை மன்னாரைச் சேர்ந்தது. எனினும், வன்னியின் கடல்வாசலாக விளங்கியது அதுவே. திருக்கேதீச்சரத்தை அண்டியுள்ள இந்தப் பண்டைத் துறைமுகத்தில் 1980 முதல் 1984 வரை ஜோன் கார்ஸ்வெல் தலைமையில் அகழ்வாய்வு நடைபெற்றது. சீன மட்பாண்டங்களும் மேற்காசியாவிலிருந்து வந்த மெருகூட்டிய மட்பாண்டங்களும் அங்கு கிடைத்தன. போரினால் நின்ற ஆய்வு 2009-2010 காலப்பகுதியில் மீண்டும் தொடங்கியபோது, மண்ணிலிருந்து மிளகும் ஒரு கிராம்பும் எடுக்கப்பட்டன. அந்தக் கிராம்பு கி.பி. 900 இற்கும் 1100 இற்கும் இடைப்பட்டது என்று 2018 இல் வெளியான ஆய்வுக் கட்டுரை தெரிவிக்கின்றது. அக்காலத்தில் கிராம்பு விளைந்த இடம் இன்றைய இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகள் மட்டுமே. கடல்வழியாக ஏறத்தாழ 7,000 கிலோமீற்றர் கடந்து அது மாந்தைக்கு வந்திருக்கின்றது. அதைக் கொண்டு வந்தவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. ஆனால் அரபு, பாரசீக, தமிழ் வணிகர்கள் இக்கடலில் அருகருகே கப்பல் செலுத்தினர் என்பதில் ஐயமில்லை. 1344 இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா, தம்மை வரவேற்ற ஆரியச்சக்கரவர்த்திக்குப் பாரசீக மொழி விளங்கியதாகவும், முத்துக்களைப் பற்றி அவருடன் உரையாடியதாகவும் தமது பயண நூலில் குறிப்பிடுகின்றார். தமிழ் மன்னன் ஒருவன் மொரோக்கோ நாட்டு யாத்திரிகருடன் மூன்றாவது மொழியொன்றின் துணையோடு பேசிக்கொண்ட அக்காலத்தில் உலகமயமாதல் என்ற சொல் மட்டும்தான் இல்லை.

இதன் அடுத்த கட்டம் அவ்வளவு இனிமையானதன்று. ஐரோப்பியர் வந்ததும் வாணிபம் ஆட்சியோடு பிணைந்தது. வன்னிக் காட்டிலிருந்து உலகச் சந்தை விரும்பிய பண்டம் யானை. வன்னியர்கள் போர்த்துக்கேயருக்கும் பின்னர் ஒல்லாந்தருக்கும் யானைகளைத் திறையாகச் செலுத்தும்படி நிர்ப்பந்திக்கப்பட்டனர். பிடிக்கப்பட்ட யானைகள் ஆழமற்ற கடல்நீரேரியைக் கடந்து குடாநாட்டுக்குக் கொண்டு செல்லப்பட்டன. அவ்விடம் இன்றும் ஆனையிறவு என்றே அழைக்கப்படுகின்றது. யாழ்ப்பாணத்தில் நடைபெற்ற விற்பனைக்குக் கோல்கொண்டா போன்ற தொலைதூர இராச்சியங்களின் வணிகர்களும் வந்து சென்றனர். இலாபம் ஒல்லாந்தக் கம்பனிக்குச் சென்றது. காட்டுக்குள் உயிரைப் பணயம் வைத்து யானை பிடித்தவனுக்குத் திறைக் கடமை மட்டுமே மிஞ்சியது. இத்தகைய ஆட்சியை எதிர்த்து நின்ற வன்னியர்களின் வரிசையில் இறுதியாகப் பேசப்படுபவன் பண்டாரவன்னியன். 1803 ஆகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றிய அவன், அவ்வாண்டு ஒக்டோபரில் கற்சிலைமடுவில் பிரித்தானியப் படையிடம் தோல்வியுற்றான். அவனது வீரத்தைப் பாடும் நாம், அவனுக்கு முந்திய தலைமுறைகளை வருத்திய யானைத் திறையைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

பிரித்தானியர் காலத்தில் உலகச் சந்தை கேட்ட பண்டம் மாறியது. முதலில் கோப்பி, பின்னர் தேயிலை. தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து கப்பலேறிய தொழிலாளர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னியின் தெற்கு விளிம்பை ஒட்டிய காட்டுப் பாதைவழியே மாத்தளை வரை நடந்தனர். வாந்திபேதியாலும் பசியாலும் அவ்வழியிலேயே மாண்டவர்கள் மிகப் பலர். உயிர் பிழைத்து மலையேறியவர்களின் உழைப்பால் இலங்கை உலகச் சந்தையில் பெயர் பெற்றது. ஆனால் 1948 இல் கொண்டுவரப்பட்ட பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. தேயிலைக்கு எல்லை இருக்கவில்லை. அதைப் பறித்தவருக்கு நாடே இருக்கவில்லை.

இம்மக்களை இங்கே குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களால் மலையகத்தையும் அதன் அயற்பகுதிகளையும் விட்டு ஓடிவந்தவர்களில் கணிசமானோர் வன்னியிலேயே குடியேறினர். தருமபுரம், பாரதிபுரம், மலையாளபுரம் போன்ற கிளிநொச்சிக் கிராமங்களின் கதை இதுவே. அதற்கிடையில் 1973-1974 காலப் பஞ்சத்தினாலும் பலர் வந்து சேர்ந்தனர். அந்தப் பஞ்சத்தை விளங்கிக் கொள்ளாமல் வன்னியின் பொற்காலம் என்று கூறப்படும் எழுபதுகளை விளங்கிக் கொள்ள முடியாது.

1970 இல் பதவிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசாங்கம் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் இறக்குமதியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. செத்தல் மிளகாயும் வெங்காயமும் வெளிநாட்டிலிருந்து வருவது நின்றது. நாடு முழுவதற்குமான மிளகாய்ச் சந்தை, வட பகுதி விவசாயிகளின் கைக்கு வந்து சேர்ந்தது. இரணைமடுவின் கீழும், அறுபதுகளில் படித்த வாலிபர் திட்டங்கள் அமைக்கப்பட்ட முத்தையன்கட்டு, விசுவமடு ஆகிய இடங்களிலும் மிளகாய்த் தோட்டங்கள் செழித்தன. உத்தியோகத்துக்கு விண்ணப்பித்துச் சலித்த இளைஞர்கள் காடு வெட்டிக் கமக்காரராகி, கல்வீடு கட்டி, உழவு இயந்திரம் வாங்கினர். அக்காலத்தை அனுபவித்த முதியவர்கள் இன்றும் அதைப் பற்றிப் பேசும்போது முகம் மலர்வதைக் காணலாம். மூடிய பொருளாதாரமே நமக்கு உகந்தது என்று வாதிடுவோர் எடுத்துக்காட்டும் முதற் சான்றும் இதுவேயாகும்.

இச்சான்றை நாம் மறுக்கவில்லை. ஆனால் அதன் மறுபக்கத்தையும் காட்ட வேண்டியுள்ளது. இறக்குமதிக் கட்டுப்பாடு மிளகாய்க்கு விலை தந்த அதே காலத்தில், 1973 இல் உலகச் சந்தையில் எண்ணெய் விலையும் தானிய விலையும் ஏறின. அரிசியும் மாவும் பங்கீட்டில் சுருங்கின. தோட்ட லயங்களில் பட்டினியால் மக்கள் மடிந்தனர். அங்கிருந்து உயிர் தப்ப வந்தவர்களே வன்னியின் மிளகாய்த் தோட்டங்களில் நாட்கூலிக்கு நின்றனர். ஒரே கொள்கை ஒருவரை முதலாளியாகவும் மற்றவரை அகதியாகவும் ஆக்கி, இருவரையும் ஒரே வயலில் சந்திக்க வைத்தது. அத்துடன், அன்று மிளகாய்க்கு நீர் இறைத்த பம்பியும் நிலத்தை உழுத இயந்திரமும் கப்பலில் வந்தவையே. முற்றாக மூடிய பொருளாதாரம் என்று ஒன்று அப்போதும் இருக்கவில்லை. எதை உள்ளே விடுவது, எதைத் தடுப்பது என்று தீர்மானித்தவர்கள் இருந்தனர் என்பதே உண்மை.

1977 ஜூலைத் தேர்தலுடன் அத்தீர்மானம் தலைகீழானது. ஜே.ஆர். ஜயவர்தனாவின் அரசாங்கம் தெற்காசியாவில் முதன்முதலாகச் சந்தையைத் திறந்துவிட்டது. சீனா திறந்தது அதற்கு அடுத்த ஆண்டின் இறுதியில். இந்தியா திறந்தது 1991 இல். அந்த வகையில் இலங்கை முந்திக்கொண்டது என்றே கூற வேண்டும். கடைகளில் பொருள் நிறைந்தது. பாணுக்கும் சீனித்துணிக்கும் வரிசையில் நின்ற காலம் முடிந்தது. மத்திய கிழக்கு வேலைவாய்ப்பு பல்லாயிரம் குடும்பங்களுக்கு, குறிப்பாக வருமானம் குன்றிய குடும்பங்களுக்குக் கைகொடுத்தது. 1978 இல் கட்டுநாயக்காவில் முதலாவது சுதந்திர வர்த்தக வலயம் அமைந்தது.

வன்னிக்கு வந்ததோ வெளிநாட்டு மிளகாய். இறக்குமதித் தடை நீங்கியதும் மிளகாய், வெங்காயம் ஆகியவற்றின் விலை வீழ்ந்தது. கடன்பட்டு விதைத்தவர்கள் கடனோடு நின்றனர். தென்னிலங்கையில் சந்தை திறக்கப்பட்டபோது அதற்கு ஈடாக மகாவலித் திட்டமும் ஏற்றுமதி வலயமும் வந்தன. வடக்கின் விவசாயிக்கு ஈடாக எதுவும் வரவில்லை. களஞ்சியமோ, பதனிடும் ஆலையோ, பயிரை மாற்றுவதற்கான அவகாசமோ அவனுக்கு வழங்கப்படவில்லை. அக்காலத்து இளைஞர்களின் விரக்திக்கு அரசியற் காரணங்கள் பல இருந்தன. அவற்றோடு மிளகாய் விலையையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்பது நமது கருத்து. சந்தை திறந்தது தவறு என்பதன்று. சந்தையைத் திறந்தவர்கள் வயலைத் திரும்பிப் பார்க்கவில்லை என்பதே முறைப்பாடு.

இதன் பின்னர் வந்த பொருளாதாரத் தடைக் காலத்தைச் சற்று விரிவாகவே நோக்க வேண்டும். 1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டதும், விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளுக்கு அரசாங்கம் பொருட்தடை விதித்தது. எரிபொருள், மின்கலம், சீமெந்து, யூரியா, மருந்து வகைகள் என்று தடைப்பட்டியல் நீண்டது. 1996 இல் குடாநாடு படையினர் வசமான பின்னர் தடையின் முழுப்பாரமும் வன்னியின் மீது இறங்கியது. குடாநாட்டிலிருந்து இடம்பெயர்ந்த இலட்சக்கணக்கானோரும் அப்போது அங்கேயே இருந்தனர். பெற்றோல் சில துளிகளை விட்டு இயந்திரத்தைக் கிளப்பி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள். ஜாம் போத்தலில் திரியிட்டு விளக்கெரித்தார்கள். சைக்கிளை நிறுத்திவைத்து மிதித்து, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். சவர்க்காரத்துக்குப் பதிலாகப் பனம்பழத்தைப் பிழிந்து துணி துவைத்தார்கள். இவற்றை நாம் இன்று சாமர்த்தியக் கதைகளாகச் சொல்லிச் சிரிக்கின்றோம். ஆனால் அன்று மருந்தில்லாமல் மாண்ட குழந்தையின் தாய்க்கு அதில் சிரிக்க எதுவுமில்லை.

உலகச் சந்தையின் நன்மைகளைப் பட்டியலிடும் நூல்கள் ஏராளமாக உள்ளன. 1990 இல் உலக மக்களில் மூன்றில் ஒரு பங்கிற்கும் அதிகமானோர் கொடிய வறுமையில் இருந்தனர் என்றும், 2019 அளவில் அது பத்தில் ஒரு பங்கிற்கும் கீழே வந்துவிட்டது என்றும் உலக வங்கி காட்டுகின்றது. சீனாவும் இந்தியாவும் வியட்நாமும் சந்தையில் இணைந்ததே இதற்குப் பெருங்காரணம் என்பதை இடதுசாரிப் பொருளியலாளர் பலரும் ஒப்புக்கொள்வர். சரியாக அதே காலத்தில்தான் வன்னி உலகிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்தது. கைத்தொலைபேசியும் கணினியும் உலகின் மூலைமுடுக்கெல்லாம் பரவிய அந்தப் பத்தாண்டில் நமது பிள்ளைகள் குப்பி விளக்கில் படித்தனர். வெளியுலகுடன் கொடுக்கல் வாங்கல் இல்லாத வாழ்வு எப்படியிருக்கும் என்பதற்கு இதைவிடக் கடுமையான பரிசோதனை வேண்டியதில்லை. இது வலிந்து திணிக்கப்பட்ட தடையேயன்றி மக்கள் விரும்பி ஏற்ற சுயசார்பு அல்ல என்று சிலர் கூறலாம். அது சரியே. ஆயினும் சுயசார்பு என்ற சொல்லை மேடைகளில் எளிதாக உச்சரிப்போர், ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்கு அன்று கொடுக்கப்பட்ட விலையையும் நினைவில் கொள்ள வேண்டும்.

அக்காலத்தில் சந்தையை அறுத்தது அரசாங்கத்தின் தடை மட்டுமன்று. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள், ஏறத்தாழ 75,000 பேர், விடுதலைப் புலிகளால் தமது வாழ்விடங்களிலிருந்து வெளியேற்றப்பட்டனர். முல்லைத்தீவு மாவட்டத்தின் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி முதலிய ஊர்களில் தலைமுறை தலைமுறையாகத் தமிழருடன் கலந்து வாழ்ந்தவர்களும் அவ்வாறே சென்றனர். வயலும் கால்நடையும் வைத்திருந்தவர்கள் அவர்களிற் பலர். நெல்லை வாங்கிப் புடவையைக் கொண்டுவந்து, கிராமத்தை நகரத்துடன் இணைத்த வணிகர்களும் இருந்தனர். புத்தளத்தின் அகதி முகாம்களில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்தது. இது முதலில் மனிதருக்கு இழைக்கப்பட்ட அநீதி. அதை வேறெந்தக் கணக்காலும் அளக்க முடியாது. அதேவேளை, வாணிபம் என்பது நம்பிக்கையால் நடப்பது என்பதையும், கடன்புத்தகத்தில் பெயர் எழுதாமலே பொருள் கொடுத்த உறவு அறுந்தபோது சந்தையும் சேர்ந்து அறுந்தது என்பதையும் நாம் மறந்துவிட முடியாது. மாந்தையில் கிராம்பு இறங்கிய காலத்திலிருந்தே பல சமயத்தார் சேர்ந்து நடத்திய வாணிபம் நம்முடையது.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, ஏப்ரலில் ஏ-9 வீதி திறக்கப்பட்டது. பொருட்கள் வந்தன. ஓமந்தையில் ஒரு சோதனையும் உள்ளே சென்றதும் ஒரு வரியுமாக, வவுனியாவில் ஒரு விலையும் கிளிநொச்சியில் வேறொரு விலையும் நிலவின. 2006 ஆகஸ்டில் பாதை மீண்டும் மூடப்பட்டது. அதன்பின் 2009 மே வரை நடந்தவற்றை இக்கட்டுரையில் விவரிக்க வேண்டியதில்லை.

போர் முடிந்த பின்னர் சந்தை வந்த வேகம் வியப்புக்குரியது. மக்கள் தறப்பாள் கொட்டகைகளில் இருந்தபோதே வங்கிக் கிளைகள் திறக்கப்பட்டன. வீதி சீனக் கடனில் திருத்தப்பட்டது. இந்தியக் கடனில் அமைக்கப்பட்ட ரயில் பாதை 2013 செப்டெம்பரில் கிளிநொச்சியை எட்டியது. புலம்பெயர்ந்த உறவுகளின் பணம் வீடாகவும் கோயிலாகவும் எழுந்தது. அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் விவசாய பீடமும் அமைந்தன. வவுனியா வளாகம் 2021 ஆகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. கைத்தொலைபேசியில் தம்புள்ளைச் சந்தையின் அன்றைய விலையைப் பார்த்துவிட்டு மரக்கறி ஏற்றும் விவசாயியை இன்று கிளிநொச்சியில் காணலாம். இவையெல்லாம் நன்மைகளே. இவற்றைச் சிறுமைப்படுத்துவது தடைக்காலத்தை மறந்தவர்களின் பேச்சாகவே இருக்கும்.

ஆனால் 1977 இல் நேர்ந்த அதே குறை இங்கும் நேர்ந்தது. வருமானம் வருவதற்கு முன்னர் கடன் வந்தது. வீடும் தொழிலும் கணவனும் இழந்த பெண்களைத் தேடி நுண்கடன் முகவர்கள் கிராமங்களுக்கு வந்தனர். வாராந்தம் தவணை, ஒரு கடனை அடைக்க மற்றொரு கடன். 2018 இல், வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டமொன்றை அரசாங்கமே கொண்டுவர வேண்டிய அளவுக்கு நிலைமை முற்றியது. ஏன் இப்பெண்கள் குறைந்த வட்டிக்கு வங்கியை நாடவில்லை என்று கேட்கலாம். வங்கி காணி உறுதியைக் கேட்கும். குடியேற்றத் திட்டக் காணிகளில் வாழ்வோர் பலரிடம் இருப்பது 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான அனுமதிப்பத்திரமே. மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் சிலவற்றிடமும், மீள வந்த முஸ்லிம் குடும்பங்கள் சிலவற்றிடமும் அதுவும் இல்லை. காணிப் பத்திரம் என்ற ஒரு தாள் இல்லாத காரணத்தால், உலக நிதிச் சந்தையின் மிக விலையுயர்ந்த வாசல் வழியாகவே இவர்கள் உள்ளே நுழைய நேர்ந்தது.

கடலிலும் இதே கதையைக் காணலாம். கடலட்டையை நாம் உண்பதில்லை. அது சீனாவுக்கும் ஹொங்கொங்குக்கும் சிங்கப்பூருக்கும் செல்கின்றது. நீலக்கால் நண்டு அமெரிக்கா வரை போகின்றது. வாடியில் நிற்கும் மீனவருக்கு முன்னெப்போதும் கிடைக்காத விலை கிடைப்பது உண்மையே. ஆனால் 2021 இல் பூநகரி, கௌதாரிமுனைக் கடலில் சீன முதலீட்டுடன் கடலட்டைப் பண்ணை அமைந்தபோது, தமது தொழில் எல்லை யாரிடம் கேட்டு வழங்கப்பட்டது என்று உள்ளூர் மீனவர்கள் வினவினர். முல்லைத்தீவுக் கடலில் இழுவைப் படகுகள் வலைகளை அறுத்துச் செல்வதும், ஜப்பானும் மேற்கு நாடுகளும் இறாலுக்குக் கொடுத்த விலையைக் கண்டு தமிழ்நாட்டுக் கரையில் அறுபதுகள் முதல் அப்படகுகள் பெருகியதன் விளைவே. இலங்கை 2017 ஜூலையில் இழுவைமடித் தொழிலைச் சட்டத்தால் தடைசெய்தது. சட்டம் கரையில் இருக்கின்றது. படகு கடலில் வருகின்றது.

உலகோடு கொண்ட தொடர்பு அறுந்தால் என்னவாகும் என்பதை இரண்டாவது தடவையாகக் காட்டியது 2021. அவ்வாண்டு மே மாதம் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. சேதனப் பசளை என்பது சொல்லப்பட்ட காரணம். டொலர் இல்லை என்பது சொல்லப்படாத காரணம். நவம்பரில் தடை நீக்கப்பட்டபோது காலபோகம் தொடங்கிவிட்டது. மஞ்சளித்து நின்ற நெல்லைப் பார்த்த கிளிநொச்சி விவசாயிக்கு இது புதிதாக இருந்திருக்காது. யூரியா தடைசெய்யப்பட்ட வயலை அவன் தொண்ணூறுகளிலேயே கண்டவன். 2022 ஏப்ரல் 12 இல் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாது என்று நாடு அறிவித்தது. கொழும்பு மக்கள் எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் நாட்கணக்கில் வரிசையில் நின்றபோது, வன்னியில் பலர் சைக்கிளை வெளியே எடுத்தனர்.

இறுதியாக ஆடைத் தொழிற்சாலைகளுக்கு வருவோம். போருக்குப் பின்னர் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இவை அமைந்தன. இங்கு தைக்கப்படும் ஆடைகள் ஐரோப்பியக் கடைகளிலும் அமெரிக்கக் கடைகளிலும் தொங்குகின்றன. காலையில் பஸ்களில் செல்லும் பெண்களுக்கு அது வாழ்வில் முதன்முதலாகக் கையில் கிடைத்த மாதச் சம்பளம். ஊழியர் சேமலாப நிதியும் உண்டு. வேலையின் கடுமையும் சம்பளத்தின் போதாமையும் பற்றி நியாயமான குறைகள் உள்ளன. ஆயினும் வாராந்தக் கடன் தவணையைக் கட்டுவது பல வீடுகளில் அந்தச் சம்பளமே. 2025 ஏப்ரலில் அமெரிக்க ஜனாதிபதி இலங்கைப் பொருட்களுக்கு 44 வீதத் தீர்வை என்று அறிவித்தபோது கிளிநொச்சியில் கலக்கம் ஏற்பட்டதும் அதனாலேயே. அவ்வாண்டு ஆகஸ்டில் அது 20 வீதமாகக் குறைக்கப்பட்டது.

ஐரோப்பியச் சந்தையின் கதை இன்னும் சிக்கலானது. ஜீ.எஸ்.பி. பிளஸ் என்னும் தீர்வைச் சலுகை, மனித உரிமை, தொழிலாளர் உரிமை, சூழல், நல்லாட்சி ஆகியன தொடர்பான 27 சர்வதேசச் சமவாயங்களை நடைமுறைப்படுத்தும் நாடுகளுக்கே வழங்கப்படுகின்றது. சித்திரவதைக்கு எதிரான சமவாயம் உள்ளிட்ட மூன்று சமவாயங்களை இலங்கை உரியவாறு நடைமுறைப்படுத்தவில்லை என்று கூறி, 2010 ஆகஸ்டில் ஐரோப்பிய ஒன்றியம் இச்சலுகையை நிறுத்தியது. 2017 மே மாதம் அது மீண்டும் வழங்கப்பட்டது. அதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னர், 2017 பெப்ரவரி 20 இல், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் தமது தொடர் போராட்டத்தை ஆரம்பித்திருந்தனர். சில நாட்களில் வவுனியாவிலும் அது தொடங்கியது.

வன்னியில் ஒரே வீட்டில் இவ்விரண்டும் உள்ளன. தாய், மகனின் படத்தை ஏந்திக் கொட்டகையில் அமர்ந்திருக்கின்றார். மகள், ஐரோப்பாவுக்குச் செல்லும் ஆடைக்குக் கைபூட்டுகின்றாள். சலுகை நிறுத்தப்பட்டால் மகளின் வேலைக்கு ஆபத்து. நிபந்தனையின்றித் தொடர்ந்தால் தாயின் கேள்வியைக் கேட்பதற்கு உலகில் எஞ்சியுள்ள சில செவிகளுள் ஒன்று அடைபட்டுவிடும். சலுகையை நிறுத்துமாறு கோருவோரும், எந்தக் கேள்வியுமின்றித் தொடருமாறு கோருவோரும் இந்த வீட்டுக்குள் வந்து பேசியதில்லை. இச்சலுகைத் திட்டத்தின் விதிகள் 2027 டிசம்பர் 31 வரை செல்லுபடியாகுமாறு 2023 இல் நீடிக்கப்பட்டன. அதற்கு முன்னர் கண்காணிப்புக்காக வருவோரிடம் கொழும்பு வர்த்தக சம்மேளனங்கள் தமது அறிக்கைகளுடன் செல்லும். வன்னியின் கூட்டுறவுச் சங்கங்களும் கடற்றொழிலாளர் சமாசங்களும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் ஆடைத் தொழிற்சாலைப் பெண்களும் தத்தமது காணிப் பத்திரம், கடன், கடல் எல்லை, காணாமற்போனோர் பற்றிய விபரங்களுடன் அங்கே செல்வார்களா என்பதே இப்போதுள்ள கேள்வி. அவ்விபரங்களைத் திரட்டுவதற்கு இன்னும் காலம் இருக்கின்றது.